இடமில்லை என்றனர்!

டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால் மயிலையின் கடலோரத் தெருக்களிலே காகித விண்மீன்கள் கண் சிமிட்டத் தொடங்கும். சாந்தோமின் வெண்ணிறக் கோபுரம் ஒளி வெள்ளத்தில் மிதக்கும். கிறித்தவர் இல்லந்தோறும், கோயில்தோறும் 'குடில்' கட்டுவர். வைக்கோலைப் பரப்பி, ஓலையை வேய்ந்து, மண்ணால் செய்த மாட்டையும் ஆட்டையும் நிறுத்தி, நடுவே தீவனத் தொட்டியிலே ஒரு குழந்தையைக் கிடத்துவர். மாளிகையில் வாழ்பவரும் அந்த நாளில் குடிசை கட்டுகிறார். பட்டு உடுத்தவரும் அந்தக் குடிசையின் முன் மண்டியிடுகிறார். உலகைக் காக்க வந்தவர் ஓலைக்குடிலில் பிறந்தார் என்பது அவர்தம் நம்பிக்கை.

சாந்தோமிலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே காலாற நடந்தால் நொச்சிக்குப்பம். அங்கே விடியுமுன் படகு கடலுக்குப் போகும். வெயில் ஏறுமுன் கரைக்குத் திரும்பும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவோர் ஒருபுறம். கிழிந்த வலையைத் தைப்போர் ஒருபுறம். வஞ்சிரத்தையும் சங்கராவையும் நெத்திலியையும் விரித்து வைத்து விலை கூறும் தாய்மார் ஒருபுறம். அங்குள்ளோர் அனைவரும் கிறித்தவர் அல்லர். அம்மனை வணங்குவோரும் உளர். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை குடில் கட்டிப் பார்ப்போருக்கும், தலைமுறை தலைமுறையாகக் குடிலிலேயே பிறந்தவருக்கும் இடையே உள்ள தொலைவு, சாந்தோமுக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் இடையே உள்ள தொலைவைவிடப் பெரிது. அந்தத் தொலைவு எப்படி ஏற்பட்டது? அதைத்தான் இந்தக் கட்டுரையிலே வரலாற்றைத் துணைகொண்டு நாம் ஆராயப் புகுகிறோம்.

கதையை முதலில் காண்போம். லூக்கா எழுதியதாகக் கூறப்படும் ஏட்டிலே அது வருகிறது. ரோமப் பேரரசன் அகஸ்டஸ் குடிக்கணக்கு எடுக்க ஆணையிட்டான். பேரரசன் விரல் அசைத்தால் பாமரன் ஊர் விட்டு ஊர் நடக்க வேண்டாமா? நாசரேத்தூரில் வாழ்ந்த யோசேப்பு, நிறைமாதக் கருவுற்றிருந்த மரியாளை அழைத்துக்கொண்டு பெத்லகேமுக்குப் போனான். அவன் தொழில் தச்சு. விடுதியிலே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் தாய். அந்தச் செய்தி முதன்முதலில் எவருக்கு எட்டியது? அரண்மனைக்கா? குருமார் மடத்துக்கா? இல்லை, இரவெல்லாம் வெட்டவெளியிலே ஆடு காத்துக் கிடந்த இடையருக்கு! பின்னர், குழந்தைக்காகக் கோயிலில் காணிக்கை செலுத்தும் நாள் வந்தபோது, பெற்றோர் பறவைகள் இரண்டைக் கொடுத்ததாக அதே ஏடு கூறுகிறது. யூதச் சட்டப்படி அந்தக் காணிக்கை ஆட்டுக்குட்டி. அதை வாங்க இயலாத ஏழைக்குத்தான் இரண்டு பறவைகள். ஒரே வரியிலே வறுமையைச் சொல்லிவிட்டார் ஆசிரியர்.

இது நடந்த நிகழ்ச்சியா? ஆராய்ச்சியாளர் கேட்ட கேள்விகள் பல. குவிரினியு என்பான் சிரியாவை ஆண்டபோது எடுக்கப்பட்ட கணக்கு கி.பி. 6-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏசு பிறந்தபோது ஆண்டதாகக் கூறப்படும் ஏரோது மன்னனோ கி.மு. 4-ஆம் ஆண்டு வாக்கிலேயே மாண்டுவிட்டான். நான்கு நற்செய்தி ஏடுகளில் பழைமையானதெனக் கருதப்படும் மாற்கு ஏட்டிலே பிறப்புக் கதையே இல்லை. டிசம்பர் 25 என்ற நாள் எந்த நற்செய்தி ஏட்டிலும் இல்லை; ரோமாபுரியில் அது கொண்டாடப்பட்டதற்கான பழைய குறிப்பு கி.பி. 336-ஆம் ஆண்டைச் சுட்டுகிறது.

இவற்றைக் காட்டி, 'கட்டுக்கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். நாம் அவ்வளவு விரைந்து தள்ள மாட்டோம். கதை நடந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தக் கதையை மக்கள் ஏன் சொன்னார்கள், ஏன் விடாமல் காத்தார்கள் என்பது வேறொரு கேள்வி. நம்பிக்கை பொய்யாக இருக்கலாம். நம்பியவன் பட்ட பாடு பொய்யன்று.

அந்நாளிலே 'மீட்பர்' என்ற பட்டம் யாருக்கு உரியதாக இருந்தது தெரியுமா? அதே அகஸ்டஸ் மன்னனுக்கு! கி.மு. 9-இல், இன்றைய துருக்கியைச் சேர்ந்த பகுதியிலிருந்த கிரேக்க நகரங்கள் அவன் பிறந்த நாளையே ஆண்டுப் பிறப்பாக ஏற்றுக்கொண்டன. பிரியேனே என்னும் ஊரிலே கண்டெடுத்த கல்வெட்டு, அவனை மீட்பன் என்று போற்றுகிறது. அவன் பிறந்த நாளை நற்செய்தியின் தொடக்கம் என்கிறது. படை உடையவன் மீட்பன். வரி வாங்குபவன் மீட்பன். வாள் பிடித்தவன் மீட்பன். இதுதான் அரசின் அறிவிப்பு. அந்த அறிவிப்புக்கு எதிரே, எளியவர் கூட்டம் ஒன்று எழுந்து, "மீட்பர் அரண்மனையில் பிறக்கவில்லை, மாட்டுத் தொழுவத்திலே பிறந்தார்" என்று சொல்லிற்று. பேரரசன் பெயரைச் சொல்லித் தொடங்கி, தீவனத் தொட்டியிலே கொண்டுவந்து நிறுத்திய கதை அது. அடிமைகளும் கைவினைஞரும் அதைப் பற்றிக்கொண்டதிலே வியப்பென்ன? அவர் தேர்ந்த முதல் சீடர்களும் யார்? பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான். நால்வரும் கலிலேயக் கடலிலே வலை வீசியவர்கள்; நொச்சிக்குப்பத்தார் செய்யும் அதே தொழிலைச் செய்தவர்கள்.

ஆனால் ஏழையின் கதைக்கு எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. அதை எதிர்த்து அழிக்க முடியாதபோது, பொன்முலாம் பூசி எடுத்துக்கொள்வர் பெரியோர். கான்ஸ்டன்டைன் மன்னன் கிறித்தவத்துக்கு ஆதரவளித்தான். பெத்லகேமில் எழுந்த பெருங்கோயில் கி.பி. 339-இல் திறக்கப்பட்டது. அதே பெத்லகேமில் துறவியாக வாழ்ந்த ஜெரோம் என்னும் பேரறிஞர் தம் மறையுரை ஒன்றிலே மனம் வருந்தினார்: மண்ணால் ஆன பழைய தொட்டியை அகற்றிவிட்டு வெள்ளித் தொட்டியை வைத்துவிட்டார்களே, அந்த மண் தொட்டியன்றோ தமக்கு மதிப்புடையது என்று. பகையாளி சொன்னதன்று இது. சமயத்தின் தூண்களில் ஒருவர் சொன்னது! மீன் பிடித்த பேதுருவின் வழிவந்தவர் என்று கூறப்படும் போப்பாண்டவர் விரலிலே அணிவதற்கு 'மீனவர் மோதிரம்' என்றே ஒன்று உண்டு. மோதிரத்திலே மீனவர் இருக்கிறார். மோதிரம் அணிந்தவர் அவையிலே மீனவர் இருந்தாரா?

மறந்த உண்மையை நினைவூட்டவும் அவர்களுள்ளேயே ஒருவர் தோன்றினார். செல்வ வணிகர் வீட்டிலே பிறந்து, அனைத்தையும் துறந்து, ஏழையாய்த் திரிந்த அசிசி நகர் பிரான்சிஸ், 1223-இல் கிரேச்சோ என்ற மலையூரிலே வைக்கோலும் மாடும் கழுதையுமாகத் தொழுவக் காட்சியை அமைத்தார். இன்று சாந்தோமிலே கட்டப்படும் குடிலுக்கு அது முன்னோடி. வெள்ளித் தொட்டியைக் கண்டு பழகிய கண்களுக்கு வைக்கோலைக் காட்ட வேண்டியிருந்தது அவருக்கு!

இனி நம் கரைக்கு வருவோம். இந்தக் கதை தமிழ்க் கடற்கரையிலே பெருவாரியாகப் பரவியது மீனவர் வழியாகத்தான். முத்துக்குளித்துறையின் பரதவர் 1530-களிலே முத்துச் சலாபத்தைப் பற்றிய பூசலிலே சிக்கித் தவித்தனர். துணை தேடிக் கொச்சிக்குத் தூது போயினர். போர்த்துகீசியர் துணை தந்தனர். விலையாக ஞானஸ்நானம் கேட்டனர். 1536, 1537 ஆண்டுகளிலே ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவராயினர் என்பர். அவர்களிடம் தொழுவத்துக் குழந்தையின் கதையை யாரும் அப்போது விளக்கிச் சொல்லவில்லை. மீட்பரைத் தேடினர், கப்பற்படை வந்தது!

1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார்தாம் அவர்களிடையே நடந்தார்; வேண்டுதல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1544-இல் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது, குமரி முனைப் பாறைத் தீவுகளிலே பசியாலும் தாகத்தாலும் வாடிய பரதவருக்கு உணவு கொண்டுசெல்ல முனைந்தார். அதே சவேரியார், போர்த்துகீசிய அலுவலர்கள் இந்த எளிய மக்களுக்கு இழைத்த கொடுமைகளைக் கண்டு கடிதங்களிலே குமுறினார். காக்க வந்தவரிடமிருந்து காக்க வேண்டிய நிலை!

இருப்பினும் நன்றியோடு குறிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அந்த மீனவருக்காகவே அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய மண்ணிலே தமிழ் எழுத்திலே அச்சேறிய முதல் நூல் அது. 16 பக்கங்கள் கொண்டது. பண்டிதருக்காக அன்று, பரதவருக்காகப் பிறந்தது தமிழ் அச்சுக்கலை. கற்றோர் அவையிலே அச்சேறிய ஏட்டைக் கையிலேந்துவோர் இதை மறக்கலாகாது.

மயிலைக்கும் அதே போர்த்துகீசியர்தாம் வந்தனர். தோமையார் கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தை 1523-இல் தோண்டினர். அதைச் சூழத் தம் நகரை எழுப்பினர். மயிலை மறைமாவட்டம் 1606-இல் அமைந்தது. இன்று நாம் காணும் கோயில் 1896-இல் எழுந்தது. 1956-இல் பெருங்கோயில் என்ற சிறப்பைப் பெற்றது. தோமையார் இங்கு வந்தார், இங்கு மாண்டார் என்பது மரபு; அறிஞரிடையே முடிந்த முடிபன்று. ஆனால் அவரைப் பற்றிய பழைய சிரியக் கதை ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. கொந்தபோரஸ் என்னும் மன்னன் அரண்மனை கட்டத் தோமையாரிடம் பெரும்பொருள் கொடுத்தானாம். அவர் அதை ஏழைகளுக்கு வாரி வழங்கிவிட்டு, "உனக்கு மாளிகை மேலுலகில் எழும்பிவிட்டது" என்றாராம். கதைதான். ஆயினும் அரண்மனைப் பொருளை ஏழைக்குக் கொடுத்தவர் என்று புகழப்பட்டவரின் பெயராலே கோட்டையும் கொத்தளமும் எழுந்த கொடுமையை என்னென்பது!

மறைமாவட்டம் அமைந்த அதே 1606-இல்தான் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். நல்ல அறிஞர், தமிழும் வடமொழியும் கற்றவர். பரதவரிடையே பரவிய சமயமென்றால் உயர்ந்தோர் எனப்பட்டவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று கண்டார். என்ன செய்தார்? தாமும் உயர்குலத் துறவிபோல் உடுத்தார். தனி உணவு, தனி உறைவிடம், தனிக் கோயில் என வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள மதம் மாறியோருக்கு 1623-இல் ரோமாபுரி இசைவு தந்தது. பின்னர் 1640 முதல், தாழ்த்தப்பட்டோரிடையே பணிபுரியப் 'பண்டார சாமிகள்' என்ற வேறொரு பிரிவு ஏற்பட்டது. தொழுவத்திலே பிறந்தவர் ஒருவர். அவரைச் சொல்ல வந்த குருமாரோ இரண்டு வகை!

சாதி என்னும் நஞ்சு அங்கும் புகுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே, ஒரே பலிபீடத்தைப் பார்த்தபடி இரு சாதியார் இருபுறம் பிரிந்து நிற்கும்படி, கால்சட்டையின் இரு கால்போலப் பிளந்த கோயிலைக் கட்டினர். நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. புராட்டஸ்டண்டு சபையிலும் இதே கதைதான். சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்றவேண்டும் என்று 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதியார் பலர் சபையைத் துறக்கத் துணிந்தனரே தவிர, சாதியைத் துறக்கத் துணியவில்லை. மாட்டோடு பிறந்தவரை வணங்க ஒப்பினர். மனிதனோடு அமர ஒப்பவில்லை!

வீரமாமுனிவர் 1726-இல் 'தேம்பாவணி' யாத்தார்; 3,615 பாடல்கள். காவியத் தலைவன் யார்? தச்சுத் தொழில் செய்த யோசேப்பு! தமிழிலே ஒரு தொழிலாளியைத் தலைவனாக்கிப் பெருங்காப்பியம் பாடத் துணிந்தது சிறப்பே. அங்கும் வளன் என்னும் அத்தலைவன் தாவீது மன்னன் மரபினன் என்ற பெருமை முன்னிற்கிறது. மரபுவழிக் கதையிலேயே அது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உளி பிடித்தவனுக்கு உயர்வு தரவேண்டுமென்றால் அரச குலத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் உலகம்.

கிறித்தவரை மட்டும் நாம் குறை கூறுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. மயிலையிலே கபாலீச்சுரம் இருக்கிறது. பங்குனித் திங்களிலே அறுபத்து மூவர் விழா நடக்கிறது; மாடவீதிகளிலே மக்கள் வெள்ளம் புரள்கிறது. அந்த அறுபத்து மூவரிலே ஒருவர் அதிபத்தர். நாகையின் நுளைப்பாடியிலே பிறந்த மீனவர். வலையில் விழுந்த முதல் மீனை இறைவனுக்கென்று கடலிலே விட்டவர். பொன் மீன் ஒன்றே கிடைத்த நாளிலும் தயங்காமல் விட்டவர் என்பது புராணம். அவர் பல்லக்கிலே வருகிறார், பக்தர் கைகூப்புகின்றனர். ஆகவே மயிலையின் இருபெருங் கோயில்களிலும் மீனவருக்கு இடம் இருக்கிறது. சாந்தோமிலே அப்போஸ்தலராக இடம். கபாலீச்சுரத்திலே நாயனாராக இடம். சிலையானால் இடம், சிவிகையானால் இடம். உயிரோடு, ஈர வலையோடு, மீன் கூடையோடு வந்தால்?

அதற்கு விடையை நொச்சிக்குப்பத்தின் கரையே கூறும். 1985-இல் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டனர். மீனவர் மறுத்தனர், துப்பாக்கிகள் வெடித்தன, கடலிலே சாகாதவர் கரையிலே செத்தனர். உலாவ வருவோருக்கு உறுத்தியதாம் வலை! 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை, ஆழிப்பேரலை வந்தது. குடில்களிலே வைக்கோல் வாடுமுன் கடலோரக் குப்பங்கள் குலைந்தன. தோமையார் நட்ட கம்பம் கடலைத் தடுத்துக் கோயிலைக் காத்தது என்று சிலர் பேசினர். நாம் கேட்கிறோம்: கல் கோபுரத்தைக் காத்த கம்பம், கடலோரக் குடிசையை ஏன் காக்கவில்லை? அலைக்கு அருகே இருந்தது குடிசை. அதனால் அடியை அது வாங்கிற்று. அற்புதமன்று, அமைப்பு. எளியவன் எப்போதும் முன்வரிசையிலே நிறுத்தப்படுகிறான், அடி வாங்குவதற்கு மட்டும்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிலே மற்றொரு அத்தியாயம். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய இணைப்புச் சாலையோரத்து மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கை உயர்நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றப் புகுந்தது. தாய்மார் சாலையிலே அமர்ந்தனர்; படகுகளைக் கொணர்ந்து மறித்தனர். "சாலை எங்கள் கரைமேல் வந்ததா, நாங்கள் சாலைமேல் வந்தோமா?" என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். 2024 ஆகஸ்டிலே 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி அங்கே திறக்கப்பட்டது. நிழல் கிடைத்தது, நீர் கிடைத்தது, நன்று, வரவேற்கிறோம். ஆனால் அங்காடியிலே ஓர் இடம் என்பது வேறு; கரையின்மேல் உரிமை என்பது வேறு. படகு நிறுத்த, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மணல் வேண்டும். அந்த மணல் எவருடையது என்ற கேள்வி ஓயவில்லை.

நொச்சி என்பது நம் புறத்திணை மலர். பகைவர் மதிலை வளைத்தபோது, உள்ளிருந்து காப்போர் சூடுவது நொச்சி. பிறர் மண்ணைப் பறிக்க எழுவோர் சூடும் பூ அன்று. தம் மண்ணைக் காக்க நிற்போர் சூடும் பூ. அந்தப் பெயர் தாங்கிய குப்பத்தார் அந்தத் திணைக்கேற்பவே வாழ்கின்றனர். அவர்தம் மதில் கல்லாலானது அன்று. மணலாலும் அலையாலும் ஆனது.

நம்புவோரை நோக்கி நாம் கூறுவது இதுதான். தீவனத் தொட்டியிலே மீட்பர் பிறந்தார் என்று நீங்கள் நம்புவதிலே நாம் குறுக்கிட வரவில்லை. ஆனால் அந்தக் கதையிலே குழந்தை மட்டும் இல்லை. விடுதிக் கதவும் இருக்கிறது. கதவருகே நின்று 'இடமில்லை' என்று சொன்னவன் ஒருவன் இருந்திருப்பான். அவன் பெயரை ஏடு சொல்லவில்லை. அவன் கொடியவனாக இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கணக்குப் பார்த்தான், இடம் நிரம்பிவிட்டது, சொல்லிவிட்டான். குடிலிலே மரியாளை வைக்கிறீர்கள், யோசேப்பை வைக்கிறீர்கள், இடையரை வைக்கிறீர்கள், மூன்று ஞானியரை வைக்கிறீர்கள். அந்த விடுதிக்காரனை மட்டும் வைப்பதில்லை. ஏன்? அவன் பொம்மையாக இல்லை என்பதாலா? வெளியே, சாலையிலே, சட்டப் புத்தகத்தோடும் அழகுத் திட்டத்தோடும் உயிரோடு உலவுகிறான் என்பதாலா?

நம்பாதாரை நோக்கியும் ஒன்று கூறுவோம். மீட்பர் எவரும் வானிலிருந்து வரமாட்டார் என்பது நம் கருத்தானால், மீட்கும் கடமை நம் தலைமேல் ஏறுகிறது. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இல்லை.

வரும் டிசம்பரிலும் குடில் எழும்; விண்மீன் ஒளிரும். அதே விடியலிலே நொச்சிக்குப்பத்துப் படகு கரையேறும். மீன் கூடையோடு ஒரு தாய் வந்து, அமர இடம் தேடுவாள். அவளுக்கு நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்?